கரடி மச்சான் ஆன கதை

அந்தக் காலத்தில் கரடிக்கு வாய் நிறையப் பல் இருந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் ஓர் இடைவெளி கிடையாது. மனிதன், மிருகம், பறவை எல்லாருக்கும் அப்போது ஒரே பேச்சுதான். அதனால் கரடி போகிறவர் வருகிறவரையெல்லாம் வழிமறித்து, "என் பல்லைப் பாத்தியா?" என்று கேட்கும். பார்க்கவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? மான் பார்த்தேன் என்றது. முயல் ரெண்டு தரம் பார்த்தேன் என்றது. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு கரடி தின்றது மீன். காலையில் மீன், உச்சியில் மீன், சாயங்காலம் வயிறு கொஞ்சம் மந்தமாக இருந்தால் மட்டும் சின்ன மீன். நெல்லியாறு முழுக்கத் தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

அதே நெல்லியாற்றின் கீழ்க்கரையில் கோவன் என்று ஒருவன் இருந்தான். நல்லவன், வேலைக்கு அஞ்சாதவன், ஆனால் வாயை மூடத் தெரியாதவன். ஆள் இருந்தால் ஆளோடு பேசுவான், ஆள் இல்லாவிட்டால் தன் கோடாலியோடு பேசுவான். கிழங்கு தோண்டப் போனால் கிழங்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தோண்டுவான். ஊரில் பாதிப் பேர் அவனைக் கண்டால் வேறு பாதையில் போனார்கள். அவன் அதைக் கவனிக்கவில்லை, அப்போதும் ஏதோ பேசிக்கொண்டிருந்திருப்பான்.

மேல்கரையில் ஈச்சங்காடு என்று பதினோரு வீட்டுக் குடியிருப்பு. அங்கே மருதி என்ற பெண்ணுக்கு மட்டும் கோவனின் பேச்சு பிடித்துப்போயிற்று. அவளைப் பெண் கேட்க நினைத்த மற்ற பையன்கள் அவள் முன்னால் வந்து நின்று தரையைப் பார்ப்பார்கள். இவன் வந்து நின்றால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கட்டினால் இவனைத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். சிக்கல் அவளுடைய அப்பன் சடையனிடம் இருந்தது. சடையன் ஒரு நாளைக்கு மூன்று பேச்சுக்கு மேல் பேசாத ஆள். அதில் ஒன்றை "போதும்" என்பதற்கே செலவழித்துவிடுவார்.

"அந்த வாயாடியா?" என்றார் சடையன். பிறகு, "தனிப்பறி போடச் சொல்லு" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

தனிப்பறி என்பது அந்த மலைக்காரர்களின் கல்யாண வழக்கம். பறி என்றால் மூங்கில் சீவலில் நெருக்கமாகப் பின்னிய மீன்கூடு. வாய் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும், குறுகிய இடத்தில் கூரான சீவல்கள் உள்நோக்கி நிற்கும். மீன் நுழையும்போது அவை வளைந்து வழிவிடும், திரும்பும்போது நெஞ்சில் குத்தும். பெண் கேட்கிறவன் இப்படி ஒரு பறியைத் தானே பின்னி எடுத்துக்கொண்டு காட்டாற்றுக்குத் தனியாகப் போக வேண்டும். மூன்று நாள் அங்கேயே கிடந்து, பெண் வீட்டு ஊரில் அடுப்புக்கு ஒரு மீன் வீதம் பிடித்து, மூன்றாம் நாள் பொழுது மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வேறு மனுஷன் கை ஒன்றுகூட உதவிக்குப் படக் கூடாது. தவறினால் தவறியதுதான். மறுபடி கேட்க அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் அடுத்தவன் வந்துவிடுவான். பாறைமேட்டு மசணன் அப்போதே தன் பறியைப் பின்னி முடித்து வாசலில் மாட்டி வைத்திருந்தான்.

புறப்படுகிற அன்று மருதி ஓடைப் பக்கம் வந்து கோவனைப் பிடித்தாள்.

"இங்க பாரு, ஆத்துல போயி உன் கதையெல்லாம் அவுத்து விடாத. பேச்சுச் சத்தம் கேட்டா மீன் ஓடிரும்னு எங்கப்பன் சொல்றாரு. மூணு நாளைக்கு வாயைத் தொறக்காத. தொறந்தா அந்த மசணனுக்குத்தான் நான் சோறு ஆக்கணும்."

"மூணு நாளா?" என்றான் கோவன். கிணற்றில் மூன்று நாள் இருக்கச் சொன்னால்கூட அப்படி முழித்திருக்க மாட்டான். ஆனால் மசணனுக்கு அவள் சோறு போடுவதை நினைத்துப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

ஆட்டியபடியே நடந்தான். காடு அடர்ந்து, ஆறு பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடுகிற இடத்துக்கு வந்தான். அங்கே ஒரு மடு இருந்தது, அதன் வாயில் ஆழம் இடுப்பளவு. ஒரு கரையான் புற்றை உடைத்து, கரையானோடு ஒரு கட்டி மண்ணை இரையாகப் பறிக்குள் போட்டு, மடுவின் வாயில் இரண்டு கல்லுக்கு இடையே இறக்கி வைத்தான். மீதிக் கட்டிகளை இலையில் பொதிந்து பாறை இடுக்கில் வைத்துக்கொண்டான். பிறகு சற்றுத் தள்ளி ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தான். பேசாமல்.

அந்த முதல் நாள் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மீன்கொத்தி எதிரே வந்து உட்கார்ந்து, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டது. கோவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். "ஊமை போலிருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டு அது பறந்து போயிற்று. இவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தபோது பறியில் மூன்று கெண்டைகள் இருந்தன. இரண்டாம் நாள் இன்னும் ஆறு சேர்ந்து ஒன்பதாயின. பிடித்த மீன் உயிரோடு இருக்கட்டும் என்று பறியைத் தண்ணீரிலேயே விட்டு வைத்தான். இன்னும் இரண்டே மீன் வேண்டும். மருதியைக் கட்டிவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு தூங்கினான்.

மூன்றாம் நாள் விடிந்தது. கோவன் எழுந்து, இத்தனை நாள் காத்த மௌனத்தைக் கடைசி நேரத்தில் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று, சருகு மிதிபடாமல் கல்லுக்குக் கல் கால் வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மடுவை நோக்கிப் போனான். நாணல் புதரை ஓசைப்படாமல் விலக்கினான். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரிய கறுப்பு முதுகு இருந்தது.

கரடி தண்ணீரில் நின்று, பறியின் வாயில் மூஞ்சியை விட்டு, உதட்டைக் கூப்பி, ஒவ்வொரு மீனாக நிதானமாக உருவித் தின்றுகொண்டிருந்தது. பொறுமையாக விட்டால் மூஞ்சியைப் பொறுமையாகவே வெளியே எடுத்திருக்கும். ஆனால் கோவனுக்கு மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த நொடியில் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அய்யோ, என் கல்யாணம்!" என்று கத்தினான்.

காதோரத்தில் இப்படி ஒரு குரல் திடீரென்று கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? கரடி வெலவெலத்துப் போய்த் தலையை மேலே உதற, பறி அதன் கழுத்து வரைக்கும் இறங்கி இறுகிக்கொண்டது. உள்நோக்கிய சீவல்கள் மீனென்றும் கரடியென்றும் பார்க்கவில்லை, தங்கள் வேலையைச் செய்தன. கரடி எழுந்து நின்று, தலையில் கூட்டோடு, ஆற்றை அடித்துக் கலக்கியது. மீதியிருந்த மீன்கள் அதன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தன.

"எவன்டா அது? எவன்டா பொழுதை அணைச்சது?" என்று கரடி உள்ளேயிருந்து அலறியது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

கோவன் எப்போது பாறை மேல் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"பொழுதை யாரும் அணைக்கலீங்க. இப்பதான் விடிஞ்சிருக்கு. நீங்க என் பறிக்குள்ள இருக்கீங்க."

"பறியா? என்னை அடிக்கிறது யாரு?"

"அது கெண்டைங்க. நான் இல்லைங்க, நான் தள்ளித்தான் நிக்கிறேன்."

"வெளிய வந்தேன்னா உன்னை ரெண்டாக் கிழிக்காம விட மாட்டேன்!"

"அப்படீன்னா உள்ளயே இருங்க" என்றான் கோவன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

கரடி குரல் வந்த பக்கம் பாய்ந்தது. கண் தெரியாததால் பாய்ந்தது மடுவுக்குள். ஆழம் வந்ததும் பறிக்குள் தண்ணீர் நிறைந்து, தலையைக் கீழே இழுத்தது. ஒரு முறை மேலே வந்தது, இருமியது, மறுபடி அமிழ்ந்தது. கரடிக்கு நீந்தத் தெரியும், ஆனால் தலையில் ஒரு கூடைத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு யாரால் நீந்த முடியும்?

கோவன் பாறை மேல் நின்று பார்த்தான். இடுப்பில் கொடுவாள் இருந்தது. பறியைக் கிழித்தால் கரடி பிழைக்கும், மீன் போய்விடும். பொழுதுக்குள் மறுபடி பறி பின்னி, அடுப்புக்கு ஒரு மீன் பிடிப்பது நடக்கிற காரியமா? மருதி போய்விடுவாள். கிழிக்காவிட்டால் கரடி செத்துவிடும், பறியை நிதானமாக எடுத்துக்கொண்டு போகலாம், காட்டில் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது முறை கரடி மேலே வந்தபோது அது அலறவில்லை. "டேய், இருக்கியாடா?" என்று மட்டும் கேட்டது. அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

கோவனுக்கு மனசு கேட்கவில்லை. "இருக்கேன், இருக்கேன்! ஆடாம இருங்க, வாரேன்!" என்று கத்திக்கொண்டே குதித்துவிட்டான்.

கரடியின் கழுத்து முடியைப் பிடித்து ஆழமில்லாத இடத்துக்கு இழுத்தான். கொடுவாளைப் பறியின் வாலில் நுழைத்து, நெடுக்காக ஒரே கிழி. மிச்சமிருந்த மீன்கள் சந்தோஷமாக ஆற்றுக்குத் திரும்பிப் போயின. ஆனால் பறியின் வாய் வளையம் மட்டும் கரடியின் மேல்வாய்ப் பல்லில் சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. கோவன் ஒரு காலைக் கரடியின் மார்பில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கரடியும் பின்னால் இழுத்தது. 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பறி கையோடு வந்தது, அதன் வளையத்தில் இரண்டு வெள்ளைப் பற்களும் இருந்தன.

கரடி கரையோரம் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தது. நாக்கால் மேல்வாயைத் தடவியது. மறுபடி தடவியது. "என் பல்லு..." என்று ஆரம்பித்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று 'புஸ்ஸ்' என்று போனதால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை காலடியில் நழுவியது. கரடி லபக்கென்று கவ்வியது. கெண்டை முன்பல் இருந்த இடத்து வழியாக வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. இன்னொன்றைக் கவ்வியது. அதுவும் போயிற்று.

கரடி அழுதது. கிழிந்த பறியை மடியில் வைத்துக்கொண்டு கோவனும் அழுதான்.

கரடி மூக்கை உறிஞ்சிவிட்டு, "பல்லு போனது எனக்கு. நீ எதுக்குடா அழுவுற?" என்று கேட்டது.

கேட்டதுதான் தாமதம். மூன்று நாள் பேச்சும் மடை திறந்தது. மருதி சிரிப்பது, சடையனின் மூன்று பேச்சு, பதினோரு அடுப்பு, மசணன் வாசலில் மாட்டி வைத்திருக்கிற பறி என்று ஒன்று விடாமல் சொன்னான். கரடி வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

"ஏண்டா, இவ்வளவு பேசத் தெரிஞ்சவன் வரும்போது ஒரு சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா? 'நான் வாரேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருப்பேனே! பூனை மாதிரி வந்து காதுக்குள்ள கத்துனா பயமா இருக்காதா எனக்கு?"

"உங்களுக்கா பயம்?"

"ஏன், எனக்கு உசுரு இல்லையா?"

"பேசுனா மீன் ஓடிரும்னாங்க..."

"எவன் சொன்னான்? இத்தனை வருசமா நான் பேசிக்கிட்டேதான் மீன் புடிக்கிறேன். தனியாக் காட்டுல இருக்கிறவன் பேசாம என்ன பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டுக் கரடி பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டது.

பெருமூச்சு முன்பல் ஓட்டை வழியாகக் கொல்லன் துருத்தியில் வருகிற காற்றுப் போலப் 'புஸ்ஸ்ஸ்' என்று பாய்ந்து, எதிரே இருந்த பாறைப் பொந்துக்குள் போயிற்று. அடுத்த கணம் அந்தப் பொந்தின் அடிப்பக்கத்திலிருந்து முழ நீள ஆரல் மீன் ஒன்று அலறியடித்துக்கொண்டு வெளியே வந்து, கோவனின் மடியில் விழுந்தது.

இரண்டு பேரும் ஆரலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இன்னொரு தரம் ஊதுங்க" என்றான் கோவன்.

"மனுஷன் உதவி கூடாதுன்னியே?"

"நீங்க மனுஷனா?"

கரடி யோசித்தது. "இல்லைதான்" என்றது. இல்லை என்பதில் அதற்கு அன்றுவரைக்கும் இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

காட்டுக்கொடியை அறுத்துக் கிழிந்த பறியைத் தைத்தான் கோவன். தைத்த பிறகு அது பறி மாதிரி இல்லை, பரதேசியின் பை மாதிரி இருந்தது, இருந்தாலும் ஓட்டை அடைபட்டது. கரடி ஒவ்வொரு பொந்தாகப் போய் மேலே வாயை வைத்து ஊதியது. கோவன் அடியில் பறியைப் பிடித்தான். கெளுத்தி வந்தது, ஆரல் வந்தது, அதுவரைக்கும் கோவன் பெயர்கூடக் கேட்டிராத மீசை வைத்த மீன் ஒன்று கோபமாக வந்தது. இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். மீன் ஒன்றும் ஓடிவிடவில்லை. உச்சி சாய்வதற்குள் பறி நிறைந்துவிட்டது.

"உங்களுக்குப் பசிக்குமே" என்றான் கோவன். காலையில் தின்ற மீனெல்லாம் ஊதியே செரித்துப் போயிருந்தது. கரடிக்கு ஒரு கெளுத்தியைக் கொடுத்துப் பார்த்தான், வழுக்கிப் போயிற்று. அதன் முகம் மறுபடி தொங்கிப்போவதைப் பார்க்கச் சகிக்காமல், பாறை இடுக்கில் பொதிந்து வைத்திருந்த கரையான் கட்டியை எடுத்து நீட்டினான். "வேற ஒண்ணும் இல்லைங்க. இது மீனுக்கு வெச்ச இரை."

கரடி அருவருப்பாகத்தான் வாய் வைத்தது. முதலில் மண் போக ஊதியது. பிறகு அதே ஓட்டை வழியாக 'உர்ர்ர்' என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சியது. கரையான் முழுக்க வரிசையாக உள்ளே போயிற்று. கரடி கண்ணை மூடிக்கொண்டது.

"மாப்ளே," என்றது, "இவ்வளவு நாள் இது எங்க இருந்துச்சு?"

"எல்லாப் பக்கமும் இருக்குதுங்க. காடு பூராப் புத்துதான்."

"வழுக்க மாட்டேங்குது. அறைய மாட்டேங்குது. முள்ளும் இல்லை." கரடி எழுந்து நின்றது. "இனி மீன் உங்களுது, கரையான் எனக்கு. ஆனா ஒண்ணு, தண்ணி குடிக்க நான் இங்கதான் வருவேன், ஆத்துப் பக்கம் வந்தா ஒரு குரல் குடுத்துட்டு வரணும். இனி ஒரு பல்லைத் தர நான் தயாரா இல்லை."

கோவன் சம்மதித்தான். பேசச் சொல்லி ஒருவர் அவனைக் கேட்டுக்கொள்வது அதுதான் முதல் தடவை. பறியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஈச்சங்காட்டுக்கு நடந்தான். கல்யாணம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும் என்று கரடியும் பின்னாலேயே வந்தது.

ஈச்சங்காட்டு எல்லைக் கல்லருகே ஊரே கூடி நின்றது. பொழுது மலை முகட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. அங்கேதான் ஒரு சடங்கு உண்டு. பறி மாப்பிள்ளை தலையில் இருக்க, பெண்ணின் அண்ணனோ தம்பியோ முன்னால் வந்து அதை இறக்கி வைக்க வேண்டும். இறக்கியவன் மச்சான், அவன் கழுத்துக்கு மாலை. யாரும் இறக்காமல் பொழுது விழுந்தால் பெண் இல்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை தானே இறக்கக் கூடாது. மருதிக்கு உடன்பிறந்தவன் யாரும் கிடையாது. அதனால் சித்தப்பன் மகன் தொட்டனைக் குளிப்பாட்டி, முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தொட்டன் சிரித்துக்கொண்டே இரண்டு அடி முன்னால் வந்தான். கோவனுக்குப் பின்னால் நிற்பது யாரென்று பார்த்தான். அவன் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை, தொட்டன் மட்டும் பலாமரத்து உச்சியில் இருந்தான். ஊர் சிதறியது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சடையன் மட்டும் அசையாமல் நின்றார். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், அவருக்குக் காலும் வரவில்லை, வாயும் வரவில்லை.

கோவன் தலைச் சுமையோடு எல்லைக் கல்லருகே நின்றான். கழுத்து கடுத்தது. பொழுது ஒரு விரற்கடைக்கு வந்துவிட்டது.

"தொட்டா, எறங்கி வாடா! அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு!" என்று கத்தினான்.

"அவரை அங்கிட்டுப் போகச் சொல்லு!" என்றது பலாமரம்.

"போயிடட்டுமா மாப்ளே?" என்று கரடி மெதுவாகக் கேட்டது. தன்னால்தான் இந்தப் பையன் கல்யாணம் இரண்டாவது தடவையும் கெடுகிறது என்று அதற்கு வருத்தமாக இருந்தது. போனாலும் பயனில்லை, தொட்டன் இறங்கி வருவதற்குள் பொழுது விழுந்துவிடும்.

அப்போது ஒரு கதவு திறந்தது. கையில் மச்சானுக்குக் கட்டிய வெள்ளைக் காட்டுமல்லி மாலையோடு மருதி வெளியே வந்தாள். கோவனைப் பார்த்தாள். மீன் துள்ளுகிற, ஆயிரம் தையல் போட்ட அந்தப் பறியைப் பார்த்தாள். பிறகு கரடியைப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பொழுதையும் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள் கரடியிடம், "எறக்கி வையுங்க அண்ணே."

கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. அண்ணே என்று அழைக்கப்படுவது தான்தான் என்று புரிய அதற்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு முன்னங்காலாலும் பறியைப் பிடித்து, ஒரு மீன்கூடச் சிந்தாமல் எல்லைக் கல்லின் மேல் இறக்கி வைத்தது. அதற்குப் பிறகுதான் பொழுது மலைக்குப் பின்னால் போயிற்று.

சடையனுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "யாரு உதவுனது?" என்று கேட்டார்.

கோவன் பொய் சொல்லவில்லை. பறி கிழிந்தது முதல் பொந்து ஊதியது வரைக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவன் கதை சொல்லி முடிக்கிற நேரத்தில் ஊர் முழுக்கக் கதவைத் திறந்து, வாசலுக்கு வந்து, கடைசியில் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தொட்டன்கூட மூன்று கிளை இறங்கியிருந்தான்.

சடையன் பறியின் தையலைத் தடவிப் பார்த்தார். "மனுஷக் கை படக் கூடாது" என்றார். அன்றைக்கு அது இரண்டாவது. எல்லாரும் கரடியின் பாதங்களைப் பார்த்தார்கள். கரடி அவசர அவசரமாகப் பாதங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டியது. நகத்தையும் காட்டியது.

சடையன் மீன்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாகக் கரடியின் வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். கல்யாணமே போனாலும் போகட்டும் என்று கையிலிருந்த மீனையெல்லாம் விட்டுவிட்டு ஓர் உயிரைக் காப்பாற்றியவன் தன் மகளைக் கைவிட மாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்றாவது பேச்சை எதற்குச் செலவழிப்பாரோ என்று ஊரே காத்திருந்தது.

"மச்சானுக்கு மாலையைப் போடு" என்றார்.

மருதி குதிகாலை உயர்த்தி மாலையைப் போட்டாள். தொட்டனின் அளவுக்குக் கட்டிய மாலை கரடியின் தலைக்குள் எப்படிப் போகும்? முடிச்சை அவிழ்த்து மார்பின் மேல் பரப்பி, இரண்டு முனையையும் தோள்முடியில் சொருகிவிட்டாள். கரடி அதைக் கழற்ற மறுத்துவிட்டது. குளிக்கும்போதும் கழற்றவில்லை, தூங்கும்போதும் கழற்றவில்லை. நாளாக நாளாகப் பூ முடியோடு முடியாக ஒட்டி, மார்பிலேயே தங்கிப்போயிற்று. எதிர்ப்பட்டவரிடம் அது பல்லைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டது. "மாலையைப் பாத்தியா?" என்றுதான் கேட்டது.

பல காலம் போய்விட்டது. மிருகங்களின் பேச்சும் நம் பேச்சும் வேறு வேறாகிவிட்டன. ஆனாலும் கரடிக்கு மேல்வாயில் முன்பல் இரண்டு இல்லாமல் இருப்பதும், அது மீனைத் திரும்பிப் பார்க்காமல் புற்றிலே ஊதி ஊதி உறிஞ்சுவதும், அதன் மார்பில் வெள்ளை மாலை கிடப்பதும் அன்று முதல்தான். தன்னந்தனியாகக் காட்டாற்றுக்கு மீனுக்குப் போகிற எவரும், ஆணாக இருந்தால் "மச்சான், நான்தான் வாரேன்!" என்றும், பெண்ணாக இருந்தால் "அண்ணே, நான்தான்!" என்றும் நாணலுக்கு இந்தப் பக்கமே நின்று உரக்கக் கூப்பிட்டுவிட்டு, மச்சான் எழுந்து போகிற அளவுக்குக் காத்திருந்து, அப்புறம் தண்ணீரில் கால் வைப்பதும் அன்று முதல்தான்.